பினாங்குக்குப் போகிற சரக்கை எங்கே இறக்குவது?

போன மாதம் தேவகோட்டைத் தம்பி ஒருவர், காரைக்குடி செக்காலை ரோட்டில் இருக்கும் என் அலுவலகத்துக்கு ஒரு சின்ன அட்டைப் பெட்டியோடு வந்தார். உள்ளே, பஞ்சுக்கு நடுவில், காப்பி டம்ளர் உயரத்தில் ஓர் உருளை. ஒரு முனையில் விளிம்பு வைத்த எவர்சில்வர் குழாய், மறு முனையில் கேபிள் செருகும் இடம். பக்கத்தில் ஒட்டியிருந்த தகட்டில் மாடல் எண், அளக்கும் வரம்பு, வரிசை எண். வெற்றிடக் கலனுக்குள் அழுத்தம் எவ்வளவு என்று சொல்லும் கருவி இது. தொழிலில் இருப்பவர்கள் பிரஷர் டிரான்ஸ்டியூசர் என்பார்கள். கல்லூரி ஆய்வகங்களுக்கும், உலோகத்தின் மேல் பூச்சு ஏற்றும் பட்டறைகளுக்கும் தம்பி இதை வெளிநாட்டிலிருந்து வரவழைத்துக் கொடுக்கிறார்.

"அண்ணே, பினாங்குல ஒரு கம்பெனி இதே மாடல்ல நாலு கேக்குது. இங்க இறக்கி அனுப்பவா? சிங்கப்பூர்ல நம்ம பங்காளி கம்பெனி இருக்கு, அது பேர்ல இறக்கவா? இல்ல, நம்ம கை படாம தயாரிக்கிறவனையே நேரா அனுப்பச் சொல்லிடவா?"

மூன்று வழியையும் அவரே சொல்லிவிட்டார். எது சரி என்று ஒரே மூச்சில் என்னால் சொல்ல முடியவில்லை. அன்று மாலை வரை உட்கார்ந்து பேசினோம். இதே கேள்வியோடு வருகிறவர்கள் நம் பக்கத்தில் கூடிக்கொண்டே போவதால் அதை எழுதி வைக்கிறேன்.

இவ்வளவு சின்னப் பொருளுக்கு ஏன் இத்தனை கட்டுப்பாடு என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். யுரேனியம் செறிவூட்டும் ஆலையில் ஓடுவது யுரேனியம் ஹெக்சாஃப்ளூரைடு வாயு. அது பல உலோகங்களை அரித்துவிடும். அலுமினியம், நிக்கல், 60 சதவீதத்துக்கு மேல் நிக்கல் கலந்த உலோகக் கலவை போன்றவற்றில் செய்த உணர்பகுதிதான் அதற்குத் தாங்கும். அதனால்தான், அணுசக்திப் பொருள்களை ஏற்றுமதி செய்யும் நாடுகளின் கூட்டமைப்பான அணு வழங்குநர் குழுவின் இரட்டைப் பயன் பட்டியலில், அதாவது சாதாரணத் தொழிலுக்கும் அணு ஆயுத வேலைக்கும் உதவக்கூடிய பொருள்களின் பட்டியலில், இந்தக் கருவி இருக்கிறது. உணர்பகுதி அந்தப் பொருள்களில் ஒன்றால் ஆகி, துல்லியமும் குறிப்பிட்ட அளவுக்குள் வந்தால் அது கட்டுப்பாட்டுச் சரக்கு. கருவி அளக்கும் உச்ச அழுத்தம் 13 கிலோபாஸ்கலுக்குக் கீழே என்றால் அதில் ஒரு சதவீதத்தைவிட நல்ல துல்லியம், அதற்கு மேலே என்றால் 130 பாஸ்கலைவிட நல்ல துல்லியம் என்பது கணக்கு. தம்பியின் பெட்டியில் இருந்தது இந்த வரம்புக்குள் தெளிவாக விழுந்தது. டேட்டா ஷீட்டை எடுத்து உணர்பகுதி எந்த உலோகம் என்ற வரியை விரலால் தொட்டுக் காட்டினேன். அதுவரை அந்த வரியை அவர் படித்ததே இல்லை.

அதே கருவி காரைக்குடியில் பேட்டரி ஆராய்ச்சிக்கும் மின்பூச்சு ஆராய்ச்சிக்கும் அன்றாடம் தேவைப்படுகிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1948-ல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இங்கே இருப்பதால்தான் வேதிப்பொருளும் கருவியும் விற்கும் கடைகள் நம் ஊர்ப்பக்கம் வளர்ந்தன. அதனால் கட்டுப்பாட்டுச் சரக்கு எங்கோ டெல்லியிலும் பெங்களூரிலும் இருப்பவர்களின் கவலை என்று நாம் இருந்துவிட முடியாது.

இந்தியாவில் இந்தப் பட்டியலுக்கு ஸ்கோமெட் என்று பெயர். 0 முதல் 8 வரை பிரிவுகள். 0 அணுசக்தித் துறையின் கையில், 6 என்பது படைக்கலன்கள், அது பாதுகாப்பு உற்பத்தித் துறையின் கையில். மற்றவற்றுக்குப் பெரும்பாலும் டிஜிஎஃப்டி என்கிற வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககத்திடம்தான் போக வேண்டும். அணு வழங்குநர் குழுவில் இந்தியா உறுப்பினர் இல்லை என்றாலும் அந்தக் குழுவின் பட்டியலை ஒட்டியே நம் பட்டியலும் இருக்கிறது. 2016-ல் ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு அமைப்பிலும், 2017 டிசம்பரில் வாசனார் ஏற்பாட்டிலும், 2018 ஜனவரியில் ஆஸ்திரேலியக் குழுவிலும் நாம் சேர்ந்தோம். மூன்றும் இதேபோல ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டுக் குழுக்கள். அதற்குப் பிறகு பட்டியல் இன்னும் விரிந்தது.

பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஸ்கோமெட் என்பது ஏற்றுமதிக்கான பட்டியல். உள்ளே கொண்டுவரும்போது யாரும் ஸ்கோமெட் உரிமம் கேட்பதில்லை. அதனால் சரக்கு தூத்துக்குடியிலோ சென்னையிலோ சிக்கலில்லாமல் இறங்கிவிடும், நமக்கும் தைரியம் வந்துவிடும். வந்த வழியே வெளியே அனுப்பப் போகும்போதுதான் கதவு சாத்தியிருப்பது தெரியும். நாம் தயாரித்த பொருளா, வாங்கி வைத்த பொருளா என்று சட்டம் பார்ப்பதில்லை.

முதல் வழி, ஊரிலேயே இறக்கி மறு ஏற்றுமதி செய்வது. இதற்கு இரண்டு அனுமதி வேண்டும் என்பதைப் பலர் ஒன்று என்று நினைத்துவிடுகிறார்கள். ஒன்று டெல்லியின் ஸ்கோமெட் உரிமம். விண்ணப்பம் ஆன்லைனில் போகிறது. பொருளின் தொழில்நுட்ப விவரம், வாங்குபவரின் ஆர்டர், பொருளைக் கடைசியில் பயன்படுத்தப் போகிறவர் எழுதித் தரும் இறுதிப் பயனர் சான்று எல்லாம் இணைக்க வேண்டும். நடுவில் வாங்கி விற்பவர் யாராவது இருந்தால் அவரும் கணக்கில் வருவார். வெளியுறவு, அணுசக்தி, பாதுகாப்பு என்று பல துறைகளின் ஆட்கள் உட்காரும் குழு அதைப் பார்க்கிறது. கிடைத்த உரிமம் 24 மாதம் செல்லும். காகிதங்களை ஐந்து ஆண்டு பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது அனுமதி, சரக்கு எந்த நாட்டிலிருந்து வந்ததோ அந்த நாட்டினுடையது. இதில்தான் நான் அடிபட்டேன். ஏழெட்டு வருடத்துக்கு முன் வேறொரு நிறுவனத்துக்காக இதே வகைக் கருவி ஆறு வரவழைத்தோம். தயாரிப்பாளர் ஒரு பக்கப் படிவம் அனுப்பினார். "பொருள் இந்தியாவுக்குள் மட்டுமே பயன்படும், எங்கள் நாட்டு அரசின் முன் அனுமதி இல்லாமல் மறு ஏற்றுமதி செய்ய மாட்டோம்" என்று கடைசிப் பத்தியில் இருந்தது. வழக்கமான காகிதம் என்று நினைத்து முத்திரை வைத்துக் கொடுத்துவிட்டேன். நான்கு விற்றுவிட்டன. மிச்சம் இரண்டை ஈப்போவில் ஓர் ஆய்வகம் கேட்டது. டெல்லி வேலையைத் தொடங்கலாம் என்று கோப்பை எடுத்தபோதுதான் என் கையெழுத்துக்கு மேலே இருந்த வரியை ஒழுங்காகப் படித்தேன். தயாரிப்பாளருக்கு எழுதினோம். அவர் தம் அரசுக்கு எழுதினார். ஐந்து மாதம் கழித்து அனுமதி வந்தபோது ஈப்போக்காரர் வேறிடத்தில் வாங்கிவிட்டார். பிழை முழுக்க என்னுடையது. அன்றிலிருந்து எந்தச் சான்றிலும் கடைசிப் பத்தியை முதலில் படிக்கிறேன்.

நாட்டுக்கு நாடு இந்தப் பிடி வேறுபடும். அமெரிக்கச் சட்டம் சரக்கின் பின்னாலேயே போகும். அங்கே செய்த பொருள் எத்தனை கை மாறினாலும், எந்த நாட்டில் கிடந்தாலும், அடுத்த நாட்டுக்கு அனுப்ப அவர்கள் விதிதான். அமெரிக்கப் பாகம் சேர்த்து இங்கே செய்த இயந்திரத்துக்கும் அந்த விதி நீளும். கட்டுப்பாட்டுப் பாகங்களின் மதிப்பு மொத்தத்தில் 25 சதவீதத்தைத் தாண்டினால் அமெரிக்க விதி ஒட்டிக்கொள்ளும். ஈரான், கியூபா போன்ற நாடுகளுக்குப் போவதாக இருந்தால் 10 சதவீதமே போதும். 2018-ல் இந்தியாவை அமெரிக்கா சலுகைப் பட்டியலில் மேலே ஏற்றியது உண்மை. ஆனால் அது நம் நாட்டுக்குச் சரக்கு வருவதை எளிதாக்கிய ஏற்பாடு. இங்கிருந்து இஷ்டப்படி வெளியே போவதற்குக் கொடுத்த சீட்டு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஜப்பான் கதை வேறு. அவர்கள் வாங்குபவரிடம் உறுதிமொழி எழுதி வாங்கி, அதை வைத்துப் பிடிப்பார்கள். ஜப்பானிய உயர்துல்லிய வெட்டு இயந்திரங்கள் சிலவற்றில் இடம் பெயர்த்தால் தானே பூட்டிக்கொள்ளும் சாதனமே இருக்கிறது. தயாரிப்பாளரின் ஆள் வந்து திறந்தால்தான் மறுபடி ஓடும்.

பணக் கணக்கில் இந்த வழி அவ்வளவு மோசம் இல்லை. இறக்கும்போது கட்டிய சுங்க வரியில் 98 சதவீதத்தை சுங்கச் சட்டம் 74-ஆம் பிரிவின்படி திரும்பப் பெறலாம். இரண்டு ஆண்டுக்குள், பயன்படுத்தாமல், அதே பொருள்தான் என்று நிரூபித்து அனுப்ப வேண்டும். அந்த நிரூபணத்துக்குத்தான் தகட்டில் இருக்கும் வரிசை எண். இறக்கும்போது சுங்கத்தில் கொடுக்கும் பில் ஆஃப் என்ட்ரியிலும் இன்வாய்ஸிலும் எண்கள் ஏறாமல் போயிருந்தால் கிளியரிங் ஏஜென்ட்டால் ஒன்றும் செய்ய முடியாது. வரியே கட்டாமல், சுங்கத்துறையின் பொறுப்பில் இருக்கும் பாண்டட் கிடங்கில் வைத்து அனுப்பவும் வழி இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் சுதந்திர வர்த்தகக் கிடங்கு மண்டலத்தையும் சிலர் கேட்கிறார்கள். அங்கே வரி மிச்சம், அவ்வளவுதான். வெளிநாட்டுக்குச் சரக்கு கிளம்பும்போது ஸ்கோமெட் உரிமம் அங்கேயும் வேண்டும்.

ஊரில் இறக்குவதற்கு உண்மையான காரணம் ஒன்று இருக்கிறது. இங்கே நம் ஆட்கள் அந்தச் சரக்கின் மேல் ஏதாவது வேலை செய்ய வேண்டும். அளவு சரிபார்ப்பது, பெரிய கலனில் பொருத்தி முழு அமைப்பாக விற்பது, பழுது பார்ப்பது எல்லாம் அதில் சேரும். பழுதுக்கென்று வெளிநாட்டிலிருந்து வந்த பொருளை அனுப்பியவருக்கே திருப்பி அனுப்ப டிஜிஎஃப்டி ஒரு பொது அனுமதித் திட்டமே வைத்திருக்கிறது. அதில் ஒருமுறை பதிந்துகொண்டால் ஒவ்வொரு தடவையும் குழுவின் முன் போய் நிற்க வேண்டாம். நம் பிள்ளைகளில் கருவித் தொழில்நுட்பம் படித்தவர்கள் இருக்கிற ஊரில் இது நல்ல பிழைப்பு. தம்பியிடமும் சொன்னேன். அவருக்கு இப்போது அந்த எண்ணம் இல்லை.

அடுத்தது சிங்கப்பூர். நம்மவர்களுக்கு இந்த ஆசை வருவது இயல்பு. மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கியில் பெட்டி வைத்துத் தொழில் நடத்திய குடும்பங்கள் நம்முடையவை. சிங்கப்பூரில் எதுவும் நடக்கும், காகிதம் குறைவு என்ற நினைப்பு தலைமுறைகளாக ஊறியிருக்கிறது. காகிதம் வேகமாக நகர்கிறது என்பது சரி. குறைவு என்பது சரியல்ல.

அங்கே மூலோபாயப் பொருள்கள் கட்டுப்பாட்டுச் சட்டம் 2003-ன் தொடக்கத்திலிருந்து நடப்பில் இருக்கிறது. பன்னாட்டுக் கட்டுப்பாட்டுக் குழுக்களில் சிங்கப்பூர் உறுப்பினர் இல்லை. ஆனால் பட்டியல் கிட்டத்தட்ட அதே பட்டியல். ஏற்றுமதி, அங்கே கப்பல் மாற்றி அனுப்பும் இடைமாற்றம், கடந்துபோகும் சரக்கு, மின்னஞ்சலில் போகும் வரைபடம், தரகு எல்லாமே அதற்குள் வரும். அனுமதி மூன்று அடுக்கு. முதல் அடுக்கில் ஒவ்வொரு சரக்குக்கும் தனியாக வாங்க வேண்டும். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் பொருளையோ வாங்குபவரையோ முன்கூட்டியே ஒப்புதல் வாங்கி வைத்துக்கொண்டு பலமுறை அனுப்பலாம். மேல் அடுக்குக்குப் போக, யார் சரிபார்ப்பது, சந்தேகம் வந்தால் யார் நிறுத்துவது என்று நிறுவனத்துக்குள் எழுதிவைத்த நடைமுறை இருக்க வேண்டும், அதைச் சுங்கத்துறை பார்க்கும். முதல் தடவை தவறினாலே ஒரு லட்சம் சிங்கப்பூர் டாலர் அல்லது சரக்கு மதிப்பில் மூன்று மடங்கு, எது பெரிதோ அதுவரை அபராதம், இரண்டு ஆண்டுவரை சிறை, அல்லது இரண்டுமே.

பங்காளி கம்பெனி இதையெல்லாம் செய்திருந்தால் சரிதான். தம்பியிடம் கேட்டேன். பங்காளி நடத்துவது மளிகை இறக்குமதி. கட்டுப்பாட்டுச் சரக்குக்கு அவரிடம் எந்த ஏற்பாடும் இல்லை. நாலு கருவிக்காக ஒரு மளிகைக் கம்பெனியைப் புதிய சட்டத்துக்குள் இழுத்துவிடுவது நியாயமாக எனக்குப் படவில்லை. ஏதாவது ஒன்றென்றால் நிற்கப்போவது அவர்தான்.

பிறகு தம்பி கேட்ட கேள்விதான் முக்கியமானது. "பங்காளி பேர்ல சும்மா இறக்கிட்டு, பில்லை நான் இங்கேருந்து பினாங்குக்குப் போட்டா என்ன?"

சரக்கு இந்தியாவைத் தொடாமல் ஒரு வெளிநாட்டிலிருந்து இன்னொரு வெளிநாட்டுக்குப் போகும். பணம் மட்டும் நம் கணக்கு வழியாக உள்ளே வந்து வெளியே போகும். வங்கிக்காரர்கள் இதை மெர்ச்சன்டிங் வர்த்தகம் என்பார்கள். 2023 வெளிநாட்டு வர்த்தகக் கொள்கை இந்த வர்த்தகத்தைப் பெரிய அளவில் திறந்துவிட்டது. ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு உள்ள பொருள்களுக்கே அனுமதித்தது. ஆனால் இரண்டைத் தள்ளி வைத்தது. அழியும் நிலையில் உள்ள உயிரினங்கள் பட்டியல் ஒன்று, ஸ்கோமெட் பட்டியல் மற்றொன்று. ஆக இந்தக் கதவு மூடியே இருக்கிறது. மஞ்சளுக்கும் மரத்துக்கும் இப்படிச் செய்து பழகியவர்கள் இதற்கும் செய்துவிடுவார்களோ என்பதுதான் எனக்கு இருக்கும் பெரிய பயம். வங்கியில் பொருளின் பெயரை ஆய்வகக் கருவி என்று எழுதினால் யாரும் கேட்காமல் போகக்கூடும். சட்டத்தில் அது குற்றம்தான்.

சிங்கப்பூர் வழியில் போவதானால் சிங்கப்பூர் கம்பெனியே வாங்கி, தானே விற்று, லாபத்தையும் தானே வைத்துக்கொள்ள வேண்டும். அதில் தம்பிக்குப் பங்கு வேண்டுமென்றால் முறைப்படி அங்கே முதலீடு செய்ய வேண்டும். அதற்கு 2022-ல் வந்த வெளிநாட்டு முதலீட்டு விதிகள் இருக்கின்றன. உள்ளூரில் வசிக்கும் இயக்குநர், கணக்கு, 2024-லிருந்து 9 சதவீதமான ஜிஎஸ்டி, அதை ஏற்றுமதியில் சுழியமாக்கும் கணக்கு என்று வேலை நிறைய. மலேசியாவில் ஐந்தாறு வாடிக்கையாளர்கள் நிலையாக வந்துவிட்டால் இதெல்லாம் தாங்கும், நானே பிடித்துத் தள்ளுவேன். நாலு கருவிக்கு வேண்டாம்.

ஹாங்காங்கையும் ஒருவர் யோசனை சொன்னாராம். அங்கே கட்டுப்பாட்டுச் சரக்கை உள்ளே கொண்டுவரவே உரிமம் வேண்டும், வெளியே அனுப்ப இன்னொன்று. 2020-லிருந்து அமெரிக்க விதிகளில் அது சீனாவிலிருந்து வேறான இடமும் இல்லை. இந்தச் சரக்குக்கு அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

மூன்றாவது வழி, தயாரிப்பாளரே பினாங்குக்கு நேரடியாக விற்பது, தம்பிக்குத் தரகு. தயாரிப்பாளரின் நாட்டு உரிமத்தை அவரே வாங்குவார். அதற்கென்றே அவரிடம் ஆட்கள் இருக்கிறார்கள். சரக்கின் இறுதி இடம் முதலிலிருந்தே பினாங்கு என்று எழுதப்படுவதால் நடுவில் மறு ஏற்றுமதி அனுமதி என்ற பேச்சே எழாது. முதல் போட வேண்டாம், கிடங்கு வேண்டாம், வரி திரும்ப வாங்கும் அலைச்சல் இல்லை.

குறை இரண்டு. லாபம் சிறுத்துவிடும். வாங்கி விற்றால் வருவதில் ஒரு பகுதிதான் தரகில் வரும். அடுத்த தடவை தயாரிப்பாளரும் பினாங்குக்காரரும் நேரடியாகப் பேசிக்கொண்டு தம்பியை விட்டுவிடலாம் என்ற பயமும் உண்டு. இதற்கு நான் கண்ட வழி, முதல் ஆர்டருக்கு முன்பே, அந்த வாடிக்கையாளர் அடுத்த மூன்று ஆண்டில் வாங்கும் எதற்கும் தரகு உண்டு என்று எழுதி வாங்குவது. நல்ல தயாரிப்பாளர்கள் ஒத்துக்கொள்கிறார்கள். அந்த ஊரில் நம்பிக்கையான ஆள் கிடைப்பது அவர்களுக்கும் பெரிய விஷயம்.

தரகு என்றால் பொறுப்பு இல்லை என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. பேரழிவு ஆயுதங்கள் தொடர்பான 2005-ஆம் ஆண்டு இந்தியச் சட்டம், தடுக்கப்பட்ட அல்லது கட்டுப்படுத்தப்பட்ட பரிமாற்றத்தைத் தெரிந்தே காசுக்கு முடித்துக் கொடுப்பவரையும் பிடிக்கும். 2022-ல் அதைத் திருத்தி, அப்படிப்பட்ட வேலைக்குப் பணம் கொடுப்பதையும் சேர்த்தார்கள். கொடுக்கல் வாங்கலில் வளர்ந்த ஊர் நம்முடையது. சரக்கைக் கண்ணால் பார்க்காமல் முதல் மட்டும் போடும் பெரியவர்களும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

எந்த வழியில் போனாலும் இறுதிப் பயனர் சான்று வந்துவிடுகிறது. இதே வகைக் கருவிக்கு நடந்ததைத் தம்பியிடம் சொன்னேன். ஓர் அமெரிக்கத் தயாரிப்பாளரின் ஷாங்காய்க் கிளையில் விற்பனை மேலாளராக இருந்தவர் 2012-ல் அமெரிக்காவில் கைதானார். உண்மையான வாங்குபவரின் பெயரை மறைத்து, வேறு பெயர்களில் உரிமம் வாங்கி, ஆயிரக்கணக்கில் இந்தக் கருவிகளை அனுப்பியிருந்தார். பின்னர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். காகிதம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது, பெயர்தான் பொய்.

அதனால் சான்று வந்ததும் நான் மூன்று இடத்தைப் பார்ப்பேன். பொருளை வைக்கப்போகும் கட்டடத்தின் முகவரி, எதற்குப் பயன்படுத்தப் போகிறார்கள் என்ற வரி, கையெழுத்துப் போட்டவரின் பதவி. "ஆராய்ச்சிக்கு" என்று ஒற்றைச் சொல்லில் முடித்திருந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். உண்மையாகப் பூச்சு வேலை செய்பவருக்கு எந்தக் கலன், எவ்வளவு வெற்றிடம் என்று இரண்டு வரி எழுதுவது சிரமமே இல்லை. அங்கிருந்து வேறு நாட்டுக்குப் போகுமா என்றும் கேட்டுவிட வேண்டும். மலேசியாவிலும் 2010-லேயே மூலோபாய வர்த்தகச் சட்டம் வந்துவிட்டது. வெளியே அனுப்புவதாக இருந்தால் பினாங்குக்காரர் அங்கே அனுமதி வாங்க வேண்டும்.

தம்பிக்கு நான் சொன்னது மூன்றாவது வழி. இரண்டு நாள் யோசித்தார். வீட்டில் அப்பச்சியிடம் கேட்டிருக்கிறார். "முதல் முடங்காம நாலு காசு வந்தாப் போதும்" என்றாராம் அவர். தயாரிப்பாளருக்குத் தரகு ஒப்பந்தம் கேட்டு எழுதினோம், சம்மதம் வந்துவிட்டது. பினாங்குக்கு அந்த மூன்று விவரத்தையும் கேட்டுத் தம்பியே மின்னஞ்சல் அனுப்பினார்.

போன வெள்ளிக்கிழமை பதில் வந்தது. பதவி இருந்தது, பயன்பாடு இரண்டு வரியில் தெளிவாகவே இருந்தது. முகவரி இருக்க வேண்டிய இடத்தில் கப்பல் சரக்கு அனுப்பும் ஏஜென்ட்டின் கிடங்கு முகவரி இருந்தது. இறக்கும் இடத்தைக் கேட்கிறோம் என்று நினைத்தும் எழுதியிருக்கலாம். கருவி எந்தக் கட்டடத்தில், எந்தக் கலனில் பொருத்தப்படும் என்று கேட்டுத் தம்பி மறுபடி எழுதியிருக்கிறார். அந்தப் பதில் வரும்வரை தயாரிப்பாளருக்கு ஆர்டரை அனுப்பவில்லை.